டெஸ்க்டாப் கடிகாரம், வானிலை ஸ்கின்: பெயர் தெரியாத தளத்திலிருந்து இறக்கினால் உண்மையிலேயே ஆபத்தா?

மேசைப்பூச்சி எழுதியது:

டெஸ்க்டாப் வெறுமையாகக் கிடக்கிறதே என்று கடிகாரமும் வானிலையும் காட்டும் ஸ்கின் ஒன்று தேடிக்கொண்டிருந்தேன். இந்த மாதிரி ஸ்கின்களை டெஸ்க்டாப்பில் காட்டும் ரெயின்மீட்டர் என்ற விண்டோஸ் புரோகிராமை அதன் சொந்தத் தளத்திலிருந்துதான் எடுத்துப் போட்டேன், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் எனக்குப் பிடித்த ஸ்கின் கிடைத்தது இதுவரை கேள்வியே படாத ஒரு தளத்தில். பக்கம் முழுக்க டவுன்லோட் பொத்தான்கள், எது நிஜம் எது விளம்பரம் என்று கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒருவழியாக இறக்கிவிட்டேன், இன்னும் நிறுவவில்லை. கோப்பு ஒரு எம்பி கூட இல்லை. ஆன்டிவைரஸும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் “நிறுவும்போது ஆன்டிவைரஸை அணைத்து வைக்கவும், தவறாக எச்சரிக்கும்” என்று போட்டிருக்கிறார்கள். அதுதான் உறுத்துகிறது. இத்தனூண்டு கடிகாரம் அப்படி என்னதான் செய்துவிடும்?

பழையபெட்டி எழுதியது:

அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள். கெடுதல் செய்ய ஒரு வரி போதும், மீதியை அதுவே இணையத்திலிருந்து இழுத்துக்கொள்ளும்.

இது இன்று நேற்று வந்த சிக்கல் இல்லை. விண்டோஸ் விஸ்டாவில் பக்கவாட்டில் கடிகாரம், வானிலை என்று கேட்ஜெட்கள் (குட்டி புரோகிராம்கள்) வந்தன, நினைவிருக்கும். பெரும்பாலும் ஒரு ஜிப் கோப்பு, உள்ளே ஹெச்டிஎம்எல்லும் ஜாவாஸ்கிரிப்டும், அவ்வளவுதான். பார்க்க வலைப்பக்கம் போலவே இருக்கும், ஆனால் பிரவுசர் ஒரு வலைப்பக்கத்துக்குப் போடும் வேலி எதுவும் அதற்குக் கிடையாது. உங்கள் கணக்கால் என்னவெல்லாம் செய்ய முடியுமோ அத்தனையும் கேட்ஜெட்டாலும் முடியும்: கோப்பைப் படிக்கலாம், அழிக்கலாம், வேறு புரோகிராமை ஓட்டலாம். 2007 ஆகஸ்டிலேயே மைக்ரோசாஃப்ட் விஸ்டாவோடு சேர்த்துக் கொடுத்த சொந்த கேட்ஜெட்களுக்கே ஓட்டை அடைக்க வேண்டி வந்தது. செய்தித் தலைப்பு, தொடர்புகள், வானிலை ஆகிய மூன்றிலும். செய்தித் தலைப்பு கேட்ஜெட்டில், விஷமமான ஒரு ஃபீடை (ஒரு தளத்திலிருந்து தானாக வந்துகொண்டிருக்கும் செய்திப் பட்டியல்) சேர்த்துக்கொண்டால் அதன் வழியாக வெளியாளின் நிரல் உங்கள் கணினியில் ஓட வாய்ப்பிருந்தது. அதாவது எழுதியவர் நல்லவராகவே இருந்தாலும், வெளியிலிருந்து வரும் தகவலை அப்படியே திரையில் கொட்டினால் கதை கந்தல்தான்.

கடைசியில் 2012 ஜூலையில், கேட்ஜெட் வசதியையே மொத்தமாக அணைத்துவிடும் கருவி ஒன்றை மைக்ரோசாஃப்டே கொடுத்தது. அதே மாதம் பிளாக் ஹேட் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் இரண்டு ஆய்வாளர்கள் கேட்ஜெட்களின் ஓட்டைகளைப் பற்றிப் பேசவிருந்தார்கள். விண்டோஸ் 8-இல் கேட்ஜெட்டே இல்லை.

நள்ளிரவுநிரல் எழுதியது:

இதற்குத்தான் லினக்ஸுக்கு வாருங்கள் என்று தொண்டை கிழியக் கத்துகிறோம் :)

பழையபெட்டி எழுதியது:

@நள்ளிரவுநிரல் வந்துவிட்டீர்களா! 2009 டிசம்பரில் லினக்ஸ் தீம்கள் பகிரும் க்னோம்-லுக் தளத்தில் அருவி ஸ்கிரீன்சேவர் என்று ஒரு டெப் கோப்பு (லினக்ஸில் புரோகிராம் நிறுவும் தொகுப்பு) வந்ததே, மறந்துவிட்டதா? போட்டவர்களின் கணினியை வேறொரு தளத்தைத் தாக்கப் பயன்படுத்திக்கொண்டது. அவ்வளவு பின்னால் போவானேன், 2024 மார்ச்சில் கேடிஈ என்ற லினக்ஸ் டெஸ்க்டாப்பின் ஸ்டோரிலிருந்து குளோபல் தீம் (மொத்தத் தோற்றத்தையும் மாற்றும் தொகுப்பு) ஒன்றை நிறுவிய ஒருவரின் கோப்புகள் எல்லாம் அழிந்துபோயின. அதை எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை, அழிக்கும் கட்டளையை அஜாக்கிரதையாக எழுதியிருந்தார். தீம் என்றால் வெறும் நிறமும் படமும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம், அங்கேயும் உள்ளே ஓடுவது நிரல்தான்.

ஓரக்கண் எழுதியது:

வரலாறு போதும், கையில் இருக்கும் கோப்பைப் பார்ப்போம். இரட்டைச் சொடுக்கு மட்டும் செய்துவிடாதீர்கள். ரெயின்மீட்டர் ஸ்கின் தொகுப்பும் ஜிப்தான், கோப்பின் வால் பெயரை ஜிப் என்று மாற்றிப் பிரித்துப் பாருங்கள். முதலில், பிளகின்ஸ் என்று ஒரு கோப்புறை இருக்கிறதா? இருந்தால் அதில் டிஎல்எல் கோப்புகள் இருக்கும். டிஎல்எல் என்பது தொகுக்கப்பட்ட நிரல், நோட்பேடில் திறந்தால் ஒன்றும் புரியாது, எழுதியவரை நம்புவதைத் தவிர வழியில்லை. மணி காட்ட அது எதற்கு? அந்த வேலைக்கு வேண்டியதெல்லாம் ரெயின்மீட்டரிலேயே இருக்கிறது.

அப்புறம் ஸ்கின் எப்படி இயங்க வேண்டும் என்று எழுதிவைத்திருக்கும் ஐஎன்ஐ கோப்புகளை நோட்பேடில் திறங்கள், வெறும் எழுத்துதான். அதில் ‘ஆன்ரெஃப்ரெஷ்ஆக்‌ஷன்’ என்று ஒரு வரி இருந்தால் நிதானமாகப் படியுங்கள். ஸ்கின் ஏறும் ஒவ்வொரு முறையும் அந்த வரியில் இருப்பது தானாக ஓடும், நீங்கள் எதையும் அழுத்த வேண்டியதில்லை. வேறு கட்டளைகளை ஓட்டும் ‘ரன்கமாண்ட்’ என்ற சொல்லையும் தேடிப் பாருங்கள். இவை இருந்தாலே கெட்டது என்று அர்த்தமில்லை, நல்ல ஸ்கின்களிலும் வரும், என்ன கட்டளை கொடுத்திருக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

மேசைப்பூச்சி எழுதியது:

பிரித்துப் பார்த்தேன். பிளகின்ஸ் கோப்புறை இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன அந்த ஆன்ரெஃப்ரெஷ்ஆக்‌ஷன் வரி இருக்கிறது! பவர்ஷெல் என்று ஆரம்பித்து, பக்கத்தில் ஹிட்டன், அடுத்து என்கோடட்கமாண்ட் என்று போட்டு, அதற்குப் பிறகு தலையும் வாலும் இல்லாத எழுத்துகள் ஒரு பத்தி நீளத்துக்கு. வானிலைக்கு இதெல்லாம் வேண்டியிருக்குமா?

ஓரக்கண் எழுதியது:

வேண்டியதில்லை. அழித்துவிடுங்கள், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். பவர்ஷெல் என்பது விண்டோஸுக்குக் கட்டளை கொடுக்கும் கருவி. ஹிட்டன் என்றால் கட்டளைச் சாளரம் உங்கள் கண்ணில் படக்கூடாது, என்கோடட் என்றால் கட்டளை என்னவென்று நீங்கள் படித்துவிடக்கூடாது. கடிகாரத்துக்கு இரண்டையும் மறைக்க என்ன அவசியம்?

ஆன்டிவைரஸ் ஏன் பேசாமல் இருந்தது என்று கேட்பீர்கள். கோப்பில் இருப்பது எழுத்து மட்டும், உண்மையான சரக்கு ஓடும்போதுதான் இறங்கும். அந்த நேரத்தில் அது பிடித்துவிடக்கூடும் என்பதால்தான் அணைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அட்மின் அனுமதி கேட்கவில்லையே என்றும் நிம்மதி அடைய முடியாது. உங்கள் ஆவணங்களைப் படிக்கவோ பிரவுசரில் இருக்கும் குக்கீகளை (நீங்கள் உள்நுழைந்திருப்பதை நினைவில் வைக்கும் சிறு குறிப்புகள்) அள்ளவோ அந்த அனுமதி தேவைப்படாத திருட்டு நிரல்கள் நிறைய உண்டு. குக்கீ போய்விட்டால் பாஸ்வேர்டு, ஓடிபி எதுவும் இல்லாமலே உங்கள் கணக்குக்குள் நுழைந்துவிட முடியும்.

செல்வி_க எழுதியது:

என் தம்பி கணினியில் இப்படி ஒன்று ஏற்கெனவே ஓடிவிட்டதோ என்று சந்தேகம். ஸ்கினை நீக்கிவிட்டான். அது போதுமா?

பழையபெட்டி எழுதியது:

போதாதும்மா. ஸ்கின் போனாலும் அது இறக்கிவைத்தது போகாது. முதலில் இணையத்தைத் துண்டிக்கச் சொல்லுங்கள். வேறொரு கணினியிலோ கைபேசியிலோ மின்னஞ்சல் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்றும் வசதியையும் அழுத்தச் சொல்லுங்கள். இரண்டாவதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், திருட்டுப்போன குக்கீயைச் செல்லாததாக்குவது அதுதான். அடுத்து வங்கி, மற்றவை. அதே கணினியில் உட்கார்ந்து மாற்றினால் புதிய பாஸ்வேர்டும் சேர்ந்து போகும். ஆட்டோரன்ஸ் என்று மைக்ரோசாஃப்டின் இலவசக் கருவி இருக்கிறது, கணினி எழும்பும்போது என்னென்ன தானாக ஓடுகிறது என்று காட்டும், குறித்த நேரத்தில் புரோகிராம்களைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் புதிதாக ஏதாவது முளைத்திருந்தாலும் அதில் தெரியும். உண்மையிலேயே ஓடிவிட்டது என்று உறுதியானால் நான் விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுவேன், துப்புரவு செய்து பார்ப்பதெல்லாம் நேர விரயம்.

மேசைப்பூச்சி எழுதியது:

அழித்துவிட்டேன், இருவருக்கும் நன்றி. வானிலை போகட்டும், கடிகாரம் மட்டுமாவது வேண்டும். எங்கே எடுக்கலாம்?

ஓரக்கண் எழுதியது:

எடுக்கவே வேண்டாம், நீங்களே எழுதலாம். நேரத்தை எடுக்க ஒரு மெஷர், அதைத் திரையில் காட்ட ஒரு மீட்டர், பத்துப் பன்னிரண்டு வரிக்குள் முடிந்துவிடும். ரெயின்மீட்டரோடு வரும் இல்லஸ்ட்ரோ தொகுப்பிலேயே ஒரு கடிகாரம் இருக்கும், அதன் ஐஎன்ஐ கோப்பை நகல் எடுத்து எழுத்துருவையும் நிறத்தையும் மாற்றிப் பாருங்கள். மாட்டிக்கொண்டால் கோப்பை இங்கே ஒட்டுங்கள், பார்க்கலாம்.