எம்.காம் எந்தக் கல்லூரி என்பது கணக்கு வேலையில் எதுவரை உதவும்?

பேர்பெற்ற சென்னைக் கல்லூரியில் எம்.காம் சேரக் கடன் வாங்கலாமா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நான் திருவாரூர்ப் பக்கம். எம்.காம் தபால் வழியில் படித்தேன். சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) படிப்புக்கான ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது ஆடிட்டரிடம் செய்யும் கட்டாயப் பயிற்சி, நான் செய்தது நாலே பேர் இருந்த ஆடிட்டர் ஆபீஸில். சி.ஏ.வுக்குக் கல்லூரிப் பெயர் தேவையில்லை. பி.காமில் 55 சதவீதம் இருந்தால் முதல் நிலைத் தேர்வு எழுதாமல் நேராக இன்டரில், அதாவது சி.ஏ.வின் இரண்டாம் நிலையில், சேரலாம். அந்த 55 எந்தக் கல்லூரியில் வாங்கியது என்று பார்ப்பதில்லை. பேப்பருக்குக் குறைந்தது 40, குரூப்பில் (சில பேப்பர்கள் சேர்ந்த தொகுதி) மொத்தம் 50 சதவீதம், எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள்.

சி.ஏ. கடைசி நிலையான ஃபைனல் பாஸ் செய்தபின் ஒரு பெரிய கம்பெனியில் இன்டர்வியூ. எம்.காம் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. ஸ்டாக் ஆடிட், அதாவது சரக்கு இருப்பை நேரில் சரிபார்க்கும் வேலைக்கு, போயிருக்கிறீர்களா என்றார்கள். பேங்குக்காக ஒரு ரைஸ் மில்லுக்குப் போனதைச் சொன்னேன். மில்காரர் மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை வைத்துத்தான் கேஷ் கிரெடிட்டில் (சரக்கை ஈடாக வைத்து வாங்கும் கடன்) எவ்வளவு எடுக்கலாம் என்று பேங்க் கணக்குப் போடும். குடோனில் கூரை வரை மூட்டை. முன்வரிசையை எண்ணிப் பெருக்கிக்கொண்டு வந்திருக்கலாம். கூட வந்த சீனியர் அக்கா விடவில்லை. நடு அடுக்கில் ஏறி, மூட்டையைக் குத்தி உள்ளிருப்பதை எடுத்துப் பார்க்கும் குத்தூசியைப் போடச் சொன்னார். வெளி மூட்டையில் நெல். உள்ளடுக்கு மூட்டைகளில் வெறும் பதர். எத்தனை மூட்டை குத்திப் பார்த்தீர்கள், எடை போட்டீர்களா, ரிப்போர்ட்டில் என்ன எழுதினீர்கள் என்று அதையே துருவிக் கேட்டார்கள். வேலை கிடைத்தது.

ஆனால் சி.ஏ. முடிப்பதற்கு முன், எம்.காமை மட்டும் காட்டி விண்ணப்பித்தபோது ஒரு இடத்திலிருந்தும் பதில் வரவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கோவை உறுப்பினர்:

அண்ணா, கடைசியாகச் சொன்னீர்களே, நான் அதற்கு நேர் எதிர்ப்பக்கம். சென்னையில் நல்ல பெயருள்ள கல்லூரியில் எம்.காம். கம்பெனிகள் கேம்பஸுக்கே வந்தன. மூன்றாவது செமஸ்டரிலேயே ஆஃபர் வந்துவிட்டது. அது முழுக்கக் கல்லூரியின் பெயரால் வந்தது, மறுக்க மாட்டேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு அந்தப் பெயரை யாரும் கேட்கவில்லை. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும்போது இன்டர்கம்பெனி பாக்கி (ஒரே குழுமக் கம்பெனிகளுக்கு இடையிலான பாக்கி) ஒத்துப்போகாமல் நான் திணறுவேன். விழுப்புரம் பக்கத்து அரசுக் கல்லூரியில் படித்த தோழி எந்த என்ட்ரி எங்கே தப்பியது என்று உட்கார்ந்து கண்டுபிடிப்பாள். இரண்டு வருடத்தில் அவள்தான் எங்கள் டீம் லீட். எனக்கு அதில் வருத்தமில்லை, அவளிடம்தான் வேலை கற்றேன். இப்போது மேலே போக புரொஃபஷனல் தகுதி கேட்கிறார்கள், சி.எம்.ஏ. (செலவுக் கணக்கியல் படிப்பு) இன்டர் படித்துக்கொண்டிருக்கிறேன்.

சேலம் உறுப்பினர்:

நான் ஆடிட்டர், ஆள் எடுப்பவன். வருகிறவரிடம் ஒரு பேங்க் ஸ்டேட்மென்ட்டும் கேஷ் புக்கும் கொடுத்து ரீகன்சைல் பண்ண, அதாவது இரண்டையும் ஒப்பிட்டு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க, சொல்வேன். கல்லூரி எது என்பதைப் பெரும்பாலும் அப்புறம்தான் பார்ப்பேன். ஒன்று உண்மை: பெரிய கல்லூரிப் பிள்ளைகள் கிளையன்ட்டிடம் தயங்காமல் பேசுகிறார்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்கு அதற்கு ஆறேழு மாதம் ஆகிறது, அவ்வளவுதான்.

தம்பி, கல்லூரி ஆசிரியராகப் போக நினைத்தால் கதை வேறு; அங்கே எம்.காம்தான் அடிப்படை, மேலே நெட் போன்ற ஆசிரியர் தகுதித் தேர்வோ பி.எச்டி.யோ வேண்டும். ஆடிட் பக்கம் என்றால் கடன் வாங்காதீர்கள். சி.ஏ. இன்டர் ஒரு குரூப்பாவது எழுதியிருக்கிறீர்களா? அதைச் சொல்லுங்கள், மற்றதைப் பேசுவோம்.