முர்னாவின் 'தி லாஸ்ட் லாஃப்': கேமராவுக்காக மட்டுமே பார்க்க வேண்டிய படமா?

கேள்வி | பதிவர்: வெண்திரை

எஃப். டபிள்யூ. முர்னாவ் இயக்கி 1924 டிசம்பரில் பெர்லினில் வெளியான 'டெர் லெட்ஸ்டெ மான்' என்ற ஜெர்மானிய ஊமைப்படத்தை அண்மையில் பார்த்தேன். ஆங்கிலத்தில் இதை 'தி லாஸ்ட் லாஃப்' என்கிறார்கள். அட்லாண்டிக் என்னும் ஆடம்பர ஓட்டலின் வயது முதிர்ந்த வாயிற்காவலர் கழிவறைப் பணியாளராக இறக்கப்படுகிறார். அதை அக்கம்பக்கத்தாரிடமிருந்து மறைக்க முயன்று அகப்பட்டுக்கொள்கிறார். கதை இவ்வளவுதான்.

எங்கு படித்தாலும் இப்படத்தின் கேமரா நகர்வையே புகழ்கிறார்கள். நாடகம் என்ற அளவில் எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. அவருக்கு வேலை போகவில்லை, மாற்றித்தான் கொடுக்கிறார்கள். அதற்கு இத்தனை பெரிய துயரம் பொருந்துமா? அடுத்தது, அந்த முடிவு. அமெரிக்கக் கோடீசுவரர் ஒருவர் கழிவறையில் உயிர்விட, தம்மைக் கடைசியாகத் தாங்கிப் பிடித்தவருக்கே சொத்து முழுவதும் சேர வேண்டும் என்று அவர் எழுதி வைத்திருந்ததால் கிழவர் செல்வந்தராகிவிடுகிறார். அதுவரை கட்டியதை எல்லாம் இது கலைத்துவிடவில்லையா?

மறுமொழி 1 | பதிவர்: நிழலாட்டம்

உங்கள் முதல் ஐயத்துக்கு விடை அந்தச் சீருடையில் இருக்கிறது. பொத்தான்கள் மின்னும் அந்த நீண்ட கோட்டை அணிந்து, ஏழைகள் நெருங்கி வாழும் வாடகைக் குடியிருப்பின் முற்றத்தைக் கடக்கும்போது, அவரை ஒரு படைத்தலைவரைப் போல எல்லோரும் வணங்குகிறார்கள். அவரும் காலையும் மாலையும் கையை உயர்த்தி அந்த வணக்கத்தை ஏற்றுக்கொள்கிறார். வேலை மாறியதும் போவது சம்பளமன்று, அந்த முற்றத்தில் அவருக்கு இருந்த இடம். சீருடையைத் தெய்வமாக வைத்துப் போற்றும் நாட்டில்தான் இந்தத் துயரம் முழுமையாக விளங்கும் என்ற பொருளில் விமரிசகர் லோட்டே ஐஸ்னர் எழுதியிருக்கிறார். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். மேலாளரின் அறையில் பணிமாற்றக் கடிதத்தைக் கிழவர் படித்த பிறகு, தம் வலிமையை மெய்ப்பிக்க ஒரு பெட்டியைத் தூக்க முயன்று அவர் சரிந்து விழுவதும், உடலிலிருந்து கோட்டை உரித்தெடுக்கும்போது ஒரு பொத்தான் அறுந்து விழுவதும் விளங்குவதற்கு ஜெர்மனியைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

கேமராவையும் நாடகத்தையும் பிரித்துப் பார்க்கிறீர்கள். இந்தப் படத்தில் அது முடியாது என்பதே என் கருத்து. தொடக்கக் காட்சியில், மின்தூக்கியில் இறங்கி, முகப்புக் கூடத்தைக் கடந்து, சுழல்கதவு வரை நாம் போகிறோம். ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராய்ண்ட் அதற்காகக் கேமராவை ஒரு மிதிவண்டியில் பொருத்தி எடுத்தார் என்பார்கள். வித்தைக்காக அவர் அதைச் செய்யவில்லை. கிழவர் எந்தப் பெரிய உலகத்தின் வாசலில் நிற்கிறார் என்று ஒரே மூச்சில் காட்டிவிடுகிறார். உறவுப் பெண்ணின் திருமண இரவில் கிழவர் குடித்துத் தள்ளாடும்போது ஃபிராய்ண்ட் கேமராவைத் தம் மார்பில் கட்டிக்கொண்டு தாமும் தள்ளாடினார். அதன்பின் வரும் கனவில், பலர் சேர்ந்தும் அசைக்க முடியாத பெட்டியைக் கிழவர் ஒற்றைக் கையால் மேலே எறிந்து பிடிக்கிறார். பகலில் அவரைக் கவிழ்த்த அதே பாரம் அது! தம்மிடமிருந்து பறித்த கோட்டையே திருடிக்கொண்டு அவர் ஓடும்போது ஓட்டல் கட்டடம் அவர்மேல் சாய்வதையும் கவனித்திருப்பீர்கள். கதையாசிரியர் கார்ல் மாயர், காட்சிகளுக்கிடையே எழுத்தில் வரும் உரையாடல் அட்டைகளே இல்லாமல் எழுதியதால், கிழவரின் மனத்தில் நடப்பது அனைத்தையும் கேமராதான் சொல்ல வேண்டியிருந்தது.

முடிவைப் பற்றி: படத்தில் ஒரே ஒரு டைட்டில் கார்டுதான் வருகிறது. வாழ்க்கையில் கதை இங்கேயே முடிந்திருக்கும், ஆனால் ஆசிரியர் இரக்கப்பட்டு நம்பத்தகாத ஒரு பின்கதையைச் சேர்த்திருக்கிறார் என்று அது வெளிப்படையாகவே கூறிவிடுகிறது. உண்மையைச் சொல்லும் வரை எழுத்து தேவைப்படாத படத்துக்குப் பொய் சொல்லும் இடத்தில்தான் எழுத்து தேவைப்படுகிறது. மீட்கும் பணம் அமெரிக்காவிலிருந்து வருவதும் கவனிக்கத்தக்கது. முதல் உலகப்போர் இழப்பீட்டைச் செலுத்த ஜெர்மனிக்கு வழிசெய்த டாஸ் திட்டத்தின் கீழ் அந்நாட்டுக்கு அமெரிக்கக் கடன் வரத் தொடங்கிய ஆண்டும் 1924-தான். பெர்லின் அரங்கில் இதைப் பார்த்துச் சிரித்தவர்களின் சிரிப்பில் சிறிது கசப்பும் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

மறுமொழி 2 | பதிவர்: பழம்படச்சுவைஞர்

மேலே எழுதிய நண்பருடன் பெரும்பாலும் உடன்படுகிறேன், பின்கதை நீங்கலாக. அது கேலி என்றே கொண்டாலும், மேசை நிறைய உணவை வைத்துக்கொண்டு கிழவரும் இரவுக் காவலரும் உண்ணும் காட்சி தேவைக்கு மேல் நீள்கிறது. கேலி ஒரு நிமிடத்தில் புரிந்த பின்னும் படம் விருந்து பரிமாறிக்கொண்டே இருக்கிறது. இருண்ட கழிவறையில் அந்த இரவுக் காவலர் தம் கோட்டைக் கழற்றிக் கிழவருக்குப் போர்த்திவிடும் காட்சி முன்னதாகவே வந்துவிடுகிறது. சீருடை இழந்தவருக்குக் கிடைக்கும் அந்தச் சாதாரணக் கோட்டுக்கு மேல் இந்தக் கதைக்கு வேறு ஆறுதல் தேவையில்லை.

கிழவராக வரும் எமில் யானிங்ஸின் நடிப்பைப் பற்றி யாரும் பேசவில்லை. படப்பிடிப்பு நடந்த ஆண்டில் அவருக்கு வயது 40 மட்டுமே. பின்னர் முதல் ஆஸ்கார் விழாவில் சிறந்த நடிகருக்கான விருதைப் பெற்றவரும் அவரே. முகத்தால் அவர் மிகையாக நடிக்கும் இடங்கள் உண்டு. ஆனால் முதுகால் நடிக்கும் இடங்களில் அவரை மிஞ்ச ஆளில்லை. கோட்டு இருக்கும்போது நிமிரும் முதுகும், அது போனபின் சுவரோடு ஒட்டிக்கொண்டு நகரும் முதுகும் ஒரே மனிதருடையவை என்று நம்புவதே கடினம்.

மறுமொழி 3 | பதிவர்: ரீல்பெட்டி

கேள்வி கேட்டவர் எந்தப் பிரதியைப் பார்த்தார் என்று குறிப்பிட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஏனெனில் இந்தப் படத்தில் அது முக்கியமானது. ஒரு நெகட்டிவிலிருந்து தரமான மறு நெகட்டிவ் எடுக்கும் வசதி அன்று இல்லாததால், ஜெர்மனிக்கு ஒன்று, பிற நாடுகளுக்கு ஒன்று, அமெரிக்காவுக்கு ஒன்று என மூன்று நெகட்டிவ்கள் தயாராயின. ஒவ்வொன்றிலும் ஷாட்டுகள் சற்றே வேறுபடும். முர்னாவ் மிகச் சிறந்தவற்றை ஜெர்மானியப் பதிப்புக்கே ஒதுக்கினார். ஆனால் உலகம் நெடுங்காலம் பார்த்துவந்தது பெரும்பாலும் ஏற்றுமதிப் பதிப்பின் நகல்களையே. ஜெர்மானியப் பதிப்பை மீட்டெடுக்கும் பணியை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் முர்னாவ் அறக்கட்டளைக்காக லூசியானோ பெரியாதுவா செய்து முடித்தார். இது ஏறக்குறைய 90 நிமிடங்கள் ஓடும். படத்துக்கென்று ஜுசெப்பே பெச்சே அமைத்த இசையோடும் கிடைக்கிறது.

இணையத்தில் கிடைக்கும் மங்கிய பிரதிகளில் முற்றத்துக் காட்சிகள் சாம்பல் பூசியவை போலத் தெரியும். அண்டை வீட்டுப் பெண்களின் முகங்களில் வணக்கம் ஏளனமாக மாறும் கணம் அவற்றில் பிடிபடாது. நாடகமே அந்த முகங்களில்தான் நடக்கிறது. ஆகவே மீட்டெடுத்த பதிப்பில் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். பின்கதை நீளமா இல்லையா என்ற வழக்கை அப்போது தொடரலாம்.