மேட்லாப்: சேவ் செய்த கோப்பில் பெரிய மாறி மட்டும் காணவில்லை

கேள்வி:

வணக்கம். மீன் கருவின் இதயத் துடிப்பை நுண்ணோக்கியில் படமெடுத்து மேட்லாப் என்ற கணக்கீட்டு மென்பொருளில் ஆராய்கிறேன். கேமரா தருவது 2048க்கு 2048 பிக்சல், 16 பிட் படங்கள். ஒரு தொகுப்புக்கு 100 படம். ஒவ்வொரு படத்திலும் பின்னணி ஒளியைக் கழித்து, எல்லாவற்றையும் ஸ்டாக் என்ற ஒரே முப்பரிமாண மாறியில் அடுக்கி, கடைசியில் சேவ் செய்கிறேன்.

சர்வரில் இரவு ஓடவிட்டுக் காலையில் பார்த்தால் கோப்பு இருக்கிறது, ஆனால் சில கேபிதான். திறந்தால் படமெடுத்த நேரமும் பிக்சல் அளவும் மட்டும் உள்ளன. ஸ்டாக் இல்லவே இல்லை. 50 படம் கொண்ட பழைய தொகுப்புகள் இதே நிரலில் ஒழுங்காகச் சேமிக்கப்பட்டன. டிஸ்கில் இடம் தாராளமாக இருக்கிறது. சேவ் வரியைப் பிழை வந்தால் பிடிக்கும் ட்ரை கேட்ச்சுக்குள் வைத்திருக்கிறேன், அதிலும் ஒன்றும் சிக்கவில்லை. எங்கே போய்த் தேடுவது?

முதல் பதில்:

ஓட்டத்தின் செய்திகள் பதிவாகும் லாக் கோப்பில் ‘ஸ்கிப்பிங்’ என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். மேட்லாப் சொல்லிவிட்டுத்தான் ஸ்டாக்கைத் தவிர்த்திருக்கும். அது பிழையாக வராமல் எச்சரிக்கையாக மட்டுமே வருவதால் கேட்ச் பகுதிக்குப் போகாது. ஓட்டமும் நிற்காது.

காரணம் கோப்பின் பதிப்பு. மேட்லாப் சேமிக்கும் மேட் கோப்பின் பதிப்பு 7இல் ஒரு மாறி 2 ஜிபிக்கு மேல் போகக் கூடாது. அமைப்பை நீங்கள் மாற்றாதவரை சேவ் எழுதுவது அந்தப் பதிப்பில்தான். உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கேமராவின் ஒரு படம் 8 எம்பி. கழித்தலுக்காக டபுள் என்ற தசம எண் வகைக்கு மாற்றியிருப்பீர்கள், அப்போது ஒரு பிக்சலுக்கு 8 பைட், ஒரு படம் 32 எம்பி. 64 படத்திலேயே சரியாக 2 ஜிபி வந்துவிடுகிறது. 50 படம் தப்பித்ததும் 100 படம் மாட்டியதும் இதனால்தான்.

சேவ் கட்டளையின் கடைசியில் சிறுகோடு போட்டு வி7.3 என்று சேருங்கள். அது பெரிய தரவுகளுக்கான எச்டிஎஃப்5 என்ற கோப்பு வடிவத்தின் அடிப்படையில் அமைந்த கோப்பு, 2 ஜிபி வரம்பு அதற்குக் கிடையாது.

இரண்டாம் பதில்:

மேலே சொன்னது சரி. ஆனால் டபுள் தேவையா என்பதையும் யோசியுங்கள். கேமரா தருவது 16 பிட் எண்கள்தானே, ஸ்டாக்கை யுஇன்ட்16 என்ற, எதிர்ம எண் இல்லாத 16 பிட் முழு எண் வகையிலேயே வைத்தால் 100 படமும் 800 எம்பிக்குள் அடங்கிவிடும். பழைய பதிப்பே போதும்.

முதல் பதில் எழுதியவர்:

கேமராவிலிருந்து வந்த மூலப் படங்களுக்கு அது நல்ல யோசனை. இங்கே பின்னணி கழிக்கப்படுகிறது. யுஇன்ட்16இல் 90லிருந்து 100ஐக் கழித்தால் மேட்லாப் −10 தராது, 0 தரும். இருட்டுப் பகுதியின் இரைச்சலில் பாதி பூஜ்யமாகிவிடும், சராசரி எடுத்தால் மேலே இழுக்கும். சத்தமில்லாமல் தரவு கெடுவது கோப்பு காணாமல் போவதைவிட மோசம்.

சிங்கிள் என்ற சிறிய தசம எண் வகைக்கு மாற்றுங்கள். 1,67,77,216 வரை எல்லா முழு எண்களையும் அது துல்லியமாக வைத்துக்கொள்ளும், 16 பிட்டின் உச்சம் 65,535தான். அளவும் பாதியாகி, 100 படம் சுமார் 1.6 ஜிபியில் முடிந்துவிடும்.

கேட்டவர்:

லாக்கில் அந்த எச்சரிக்கை அப்படியே இருக்கிறது, மிக்க நன்றி! சிங்கிளுக்கு மாற்றுகிறேன். ஆனால் அடுத்த சோதனையில் ஒரு தொகுப்பு 1000 படம் வரும், அதனால் 7.3 எப்படியும் வேண்டும். சின்ன மாதிரியில் முயன்றேன், எழுத மிகவும் நேரம் எடுக்கிறது. அப்புறம், எங்கள் குழுவில் ஒருவர் பைத்தானில் திறக்கப் பார்த்தால் மேட் கோப்பைப் படிக்கும் ஸைபை நூலகத்தின் லோட்மேட் மறுத்துவிடுகிறது.

மூன்றாம் பதில்:

நேரம் பெரும்பாலும் சுருக்குவதில் போகிறது. கேமரா இரைச்சல் கலந்த தசம எண்கள் அவ்வளவாகச் சுருங்கா. 2017ஏ அல்லது அதற்குப் பிந்தைய மேட்லாப் என்றால் சுருக்காமல் எழுதும் நோகம்ப்ரெஷன் விருப்பத்தைச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள்.

1000 படத்துக்கு எல்லாவற்றையும் நினைவகத்தில் அடுக்குவதையே விட்டுவிடலாம். கோப்பில் பகுதி பகுதியாக எழுத உதவும் மேட்ஃபைல் கொண்டு கோப்பைத் திறந்து, ஒவ்வொரு படமும் முடிந்தவுடன் அதன் இடத்தில் எழுதுங்கள். சுழலுக்கு முன்னால் கடைசிப் படத்தின் கடைசிப் பிக்சலில் சிங்கிள் வகைப் பூஜ்யம் ஒன்றை எழுதிவிடுங்கள். முழு அளவும் வகையும் அங்கேயே தீர்மானமாகிவிடும். இதைச் செய்யாவிட்டால் படத்துக்குப் படம் மாறியை நீட்டிக்கொண்டே போகும், வேகம் படுத்துவிடும்.

லோட்மேட் 7.3 பதிப்பைப் படிக்காது. எச்டிஎஃப்5 கோப்புகளைப் படிக்கும் எச்5பை என்ற பைத்தான் நூலகம் கொண்டு திறக்கச் சொல்லுங்கள். அங்கே பரிமாணங்கள் தலைகீழாக வரும்: படங்களின் எண்ணிக்கை முதலில், ஒவ்வொரு படமும் நெடுக்கும் கிடையும் இடம் மாறியபடி. உங்கள் படம் சதுரமாக இருப்பதால் அளவைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, எடுத்தவுடன் ஒருமுறை ட்ரான்ஸ்போஸ் செய்துவிட வேண்டும்.

முதல் பதில் எழுதியவர்:

இன்னொன்று. சர்வர் நிரலில், மேட்லாப்பை மூடும் வரிக்கு முன்னால், ஹூஸ் கட்டளையைக் கோப்பின் பெயரோடு ஓட்டி ஸ்டாக் உள்ளே இருக்கிறதா, அளவு சரியா என்று பார்க்கச் செய்யுங்கள். இல்லையென்றால் எர்ரர் கொடுத்து நிற்கட்டும். அது கோப்பின் உள்ளடக்கப் பட்டியலை மட்டுமே படிக்கும், தரவை ஏற்றாது. அதனால் 1000 படத்துக்கும் தாமதம் தெரியாது.