மறு: பொருத்தமா, இணக்கமா, எடுப்பா?

அனைவருக்கும் வணக்கம்.

நாலு நாள் மடல்களையும் நேற்று ராத்திரி கடையைச் சாத்திவிட்டு ஒரே மூச்சில் படித்தேன். நாம் சேர்ந்து எழுதும் டெபியன் கையேட்டின் முதல் அத்தியாயத்துக்குத் தலைப்பு இன்னும் காலியாகவே கிடக்கிறது. கையில் இருக்கும் பழைய கணினியில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் ஓடுமா, ஓடினாலும் வைஃபை, ஒலி, பிரிண்டர் எல்லாம் வேலை செய்யுமா என்று நிறுவுவதற்கு முன்பே பார்த்துக்கொள்கிறோமே, அந்த வேலைக்குத்தான் பெயர் இல்லை. 'ஹார்டுவேர் கம்பேட்டிபிலிட்டி செக்' என்று தமிழ் எழுத்தில் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். பென்னாகரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புப் பெண் அதை எழுத்துக்கூட்டிப் படித்ததை நான் பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அதனால் அந்த வழி வேண்டாம்.

அந்தப் பள்ளியில் நடந்ததையே முதலில் சொல்கிறேன். என் கட்சி எது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

பள்ளிக்கு ஆறு பழைய கணினிகள். கேபிள் இழுக்க வசதியில்லை என்பதால் யுஎஸ்பி துளையில் சொருகினால் வைஃபை தரும் சின்னக் கருவி, அதாவது டாங்கிள், ஆறு வாங்கிப் போனேன். ஏற்கெனவே கடையில் ஒன்றைப் போட்டுப் பார்த்து, லினக்சில் நன்றாக எடுக்கிறது என்று தெரிந்துகொண்ட மாடல்தான். அங்கே போய்ச் சொருகினால் இரண்டு எடுத்தது, நான்கு எடுக்கவில்லை. பெட்டி ஒன்று, மாடல் பெயர் ஒன்று, விலையும் ஒன்று. கடைசியில் லேபிளின் ஓரத்தில் கடுகளவு எழுத்தில் 'வி2' என்று இருந்ததைக் கண்டுபிடித்தேன். பெயரை மாற்றாமல் உள்ளே இருந்த சில்லை (சிப்) மாற்றியிருக்கிறார்கள்.

சொருகிய கருவிகளின் அடையாள எண்ணைக் காட்டும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளை கொடுத்துப் பார்த்தால், வேலை செய்த இரண்டிலும் அடையாள எண்ணின் பின்பாதி 9271. ஏதெரோஸ் நிறுவனத்தின் ஏஆர்9271 சில்லு அது. அதனுள் ஓடும் சிறு நிரலான நிலைபொருளின் (ஃபர்ம்வேர்) மூலநிரலே 2013-இல் எல்லோரும் பார்க்கும்படி வெளியாகிவிட்டதால் கட்டற்ற மென்பொருள்காரர்கள் அதைத் தேடித் தேடி வாங்குவார்கள். மற்ற நான்கிலும் வேறு ஊர்ச் சில்லு. சொருகியது சொருகியபடி கச்சிதமாக நின்றது, விளக்கும் எரிந்தது, வைஃபை மட்டும் வரவில்லை.

இப்போது உங்கள் மடல்களுக்கு வருகிறேன்.

> பொருத்தம் என்பதே போதும். கல்யாணத்துக்குப் பார்ப்பதும் பொருத்தம்தானே. எல்லாருக்கும் தெரிந்த சொல்லை விட்டுவிட்டு ஏன் அலைய வேண்டும்?

ஐயா, தமிழாசிரியராக இருந்த உங்களோடு சொல் விஷயத்தில் மல்லுக்கட்ட எனக்கு அருகதை இல்லை. ஆனால் கடைக்காரனாக ஒன்று சொல்ல இருக்கிறது. பொருத்தம் என்ற சொல் எங்கள் மேசையில் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. டிடிஆர்3 ராமில் 240 பின், டிடிஆர்4-இல் 288. காடியும் இடம் மாறி இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. இதைப் 'பொருந்தாது' என்கிறோம். கையால் தொட்டே தெரிந்துகொள்ளலாம், எந்த இயங்குதளம் என்ற கேள்வியே வராது. அந்த நான்கு டாங்கிளும் பொருந்தின, ஐயா. பொருந்தியும் வேலைக்கு ஆகவில்லை. இரண்டு நிலைமைக்கும் ஒரே சொல்லை வைத்தால், 'பொருந்தும் என்று கையேட்டில் போட்டிருந்தது, அதனால் வாங்கினேன்' என்று ஒருவர் வந்து நிற்பார். அவரிடம் நான் என்ன சொல்வது?

பத்துப் பொருத்தத்தில் எட்டு இருந்தால் கட்டிவைக்கலாம் என்பார்கள். கணினியில் வைஃபை ஒன்று போனால் மீதி ஒன்பதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

> கடையில எல்லாரும் 'எடுக்குதாண்ணா'ன்னுதான் கேக்கறாங்க. பென்டிரைவ் எடுக்கல, பிரிண்டர் எடுக்கல. 'எடுப்பு'ன்னு வெச்சா என்ன?

ஓசூர் தம்பி, உன் காது சரியான காது. தருமபுரியிலும் இதே கதைதான். மேலே நானே 'இரண்டு எடுத்தது, நான்கு எடுக்கவில்லை' என்றுதான் எழுதியிருக்கிறேன், யோசித்து எழுதவில்லை, கை அப்படித்தான் போனது. பேச்சில் இதை யாரும் அசைக்க முடியாது, அசைக்கவும் வேண்டாம். ஆனால் பெயர்ச்சொல்லாக்கி 'எடுப்பு' என்றதும் எனக்கு எடுப்புக் கக்கூசு ஞாபகம் வந்துவிட்டது. நீ பிறப்பதற்கு முந்திய சமாச்சாரம். மனிதரை வைத்து அள்ளவிட்ட கொடுமையின் வாடை அந்தச் சொல்லில் இன்னும் போகவில்லை. எடுப்பான சட்டை என்று இன்னொரு பொருளும் இருக்கிறது, ஆனாலும் பாடப்புத்தக மாதிரியான ஒன்றில் வேண்டாம். கையேட்டின் உரைநடையில் 'எடுக்கும்', 'எடுக்காது' தாராளமாக வரட்டும். தலைப்பில் மட்டும் வேறு.

> எங்கள் சந்தூர்ப் பக்கம் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுவோம். வேர்ச்செடி ஒன்று, மேலே வைக்கும் குச்சி இன்னொன்று. சேர்ந்தால் 'ஒட்டுப் பிடிச்சிருச்சு', இல்லையென்றால் குச்சி காய்ந்துவிடும். இதுவும் அதேதானே?

அக்கா, இந்த மடலைத்தான் நான் இரண்டு தடவை படித்தேன். வேர்ச்செடி இயங்குதளம் என்றால் குச்சிதான் டாங்கிள். இரண்டுக்கும் நடுவே கட்டும் இடம் இருக்கிறதே, அதுதான் இயக்கி, கருவியை இயங்குதளத்தோடு பேசவைக்கும் நிரல் (டிரைவர்). பட்டையும் பட்டையும் சரியாகச் சந்தித்தால்தான் சாறு ஏறும். குச்சி பச்சையாக இருப்பதை வைத்து முதல் வாரத்தில் ஒன்றும் சொல்ல முடியாது, தளிர் விட்டால்தான் நிச்சயம் என்று நீங்கள் எழுதியது விளக்கு எரிந்த டாங்கிளுக்கு அப்படியே ஒத்துப்போகிறது. கையேட்டில் இயக்கி என்றால் என்ன என்று விளக்கும் பத்திக்கு இந்த உவமையை உங்கள் வாய்மொழியாகவே எடுத்துக்கொள்ளலாமா? கிருஷ்ணகிரி, தருமபுரிப் பிள்ளைகளுக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் கிடைக்காது.

சொல்லாக வைப்பதில்தான் சிக்கல். 'வெட்டு, ஒட்டு' என்று கட்டளைப் பட்டியலில் ஒட்டு ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. மென்பொருளில் ஓட்டையை அடைக்கும் துண்டு நிரலையும் சிலர் ஒட்டு என்கிறார்கள். மூன்றாவது ஆளாக இதையும் ஏற்றினால் தாங்காது. இன்னொன்று, மாவில் ஒட்டுப் பிடித்தால் அது ஒரே மரம். டாங்கிளைப் பிடுங்கி இன்னொன்றில் சொருகலாம்.

ஆக, என் ஓட்டு 'இணக்கம்'. புதிதாக நான் கண்டுபிடித்தது இல்லை, பலர் புழங்கும் சொல்தான். இசைவு என்றால் அனுமதி மாதிரி தொனிக்கிறது. ஒத்திசைவை இரண்டு கருவிகளின் கோப்புகளைச் சமப்படுத்துவதற்கு எடுத்துக்கொண்டுவிட்டோம். ஒத்தியல்பு என்று ஒன்று இருக்கிறது, அதை யாரும் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. இணக்கத்தில் எனக்குப் பிடித்தது அதற்குள் இருக்கும் வினை. இணங்கும், இணங்காது, இணங்கவில்லை என்று கடைப்பேச்சிலேயே வளைக்கலாம். சம்மதம் என்ற சாயலும் அதில் இருக்கிறது. பெரும்பாலும் இங்கே குறைவது சம்மதம்தான். சில்லு எப்படி வேலை செய்கிறது என்ற ஆவணத்தைத் தயாரிப்பவர் கொடுத்தால் இயக்கி எழுதிவிடுவார்கள். கொடுக்க மனமில்லாத இடத்தில்தான் நான்கு டாங்கிள் விளக்கெரிந்துகொண்டு சும்மா கிடக்கிறது.

ஆகவே பொருந்துவது உடம்பு, இணங்குவது மனசு. சொருகுமிடம், பின், மின்னழுத்தம் எல்லாம் பொருத்தம். இயக்கி, நிலைபொருள் இரண்டும் இணக்கம். 'பொருந்தும், ஆனால் இணங்காது' என்று ஒரு வரியில் சொல்ல முடிந்தால் கையேட்டின் பாதி வேலை முடிந்தது.

சோதிக்கும் செயலுக்கு 'இணக்கம் பார்த்தல்'. பரிசோதனை, ஆய்வு எல்லாம் வேண்டாம். நாடி பார்க்கிறோம், பதம் பார்க்கிறோம், ஆழம் பார்க்கிறோம். இறங்குவதற்கு முன் செய்வது எல்லாமே நம் ஊரில் 'பார்த்தல்' தான். ஐயாவின் பொருத்தம் பார்த்தலும் இதில் பாதி உயிரோடு இருக்கிறது, கவனியுங்கள்.

எப்படிப் பார்ப்பது என்ற பகுதியைப் பெரும்பாலும் எழுதிவிட்டேன். டெபியனை பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலே லைவாக ஓட்டிப் பார்ப்பதுதான் முதல் வேலை. எல்எஸ்பிசிஐ கட்டளையோடு என்என்கே சேர்த்துக் கொடுத்தால் ஒவ்வொரு உறுப்பின் அடையாள எண்ணும், அதை எந்த இயக்கி பிடித்திருக்கிறது என்பதும் வரும். இயக்கி வரி இல்லாமல் மொட்டையாக நிற்கும் உறுப்பைத்தான் சந்தேகப்பட வேண்டும். எண்ணின் முன்பாதி நிறுவனம், பின்பாதி பொருள். இன்டெலின் முன்பாதி 8086. 1978-இல் வந்த அதன் செயலியின் பெயரையே எண்ணாக வாங்கி வைத்திருக்கிறார்கள், ராசியான வண்டி நம்பரை விடாத நம் ஆட்களைப் போல. மடிக்கணினி என்றால் மூடித் திறந்து பார்க்கவும் மறக்கக் கூடாது. படுத்தது எழுந்திருக்காமல் போவது இங்கேதான் அதிகம்.

இன்னும் ஒரு சொல் தேவைப்படுகிறது. அதில்தான் உங்கள் உதவி வேண்டும்.

வேலை செய்கிறது, ஆனால் மூலநிரல் தராத நிலைபொருளை ஏற்றினால்தான் வேலை செய்கிறது. இந்த நிலைக்கு என்ன பெயர்? முன்பெல்லாம் டெபியனை நிறுவித் தரும் நிரல், அதாவது நிறுவி, நடுவழியில் நின்று 'இந்தக் கோப்பு என்னிடம் இல்லை, கொண்டு வா' என்று கேட்கும். எரிச்சலாக இருக்கும், ஆனால் விஷயம் தெரிந்துவிடும். 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023-இல் வந்த டெபியன் 12 முதல் அந்தக் கோப்புகளையும் நிறுவியிலேயே சேர்த்துவிட்டார்கள். எனக்கு அதில் குறை இல்லை, பள்ளிக்குப் பள்ளி பென்டிரைவோடு அலைகிறவனுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் நிறுவி வாயை மூடிக்கொண்டதால் இனி கையேடுதான் வாயைத் திறக்க வேண்டும். 'அரை இணக்கம்' என்றால் பாதிதான் வேலை செய்கிறது போல ஆகிவிடும். நான் 'இரவல் இணக்கம்' என்று எழுதிப் பார்த்தேன். நகை கழுத்தில்தான் கிடக்கிறது, மினுக்குகிறது, ஆனால் நம்முடையது இல்லை. எப்படி இருக்கிறது?

எது இணங்கும், எது இணங்காது என்ற பட்டியலில் இயங்குதளத்தின் பதிப்பு எண்ணையும் சேர்த்தே எழுத வேண்டும். 1991-இல் லினக்ஸ் பிறந்ததே இன்டெலின் 386 செயலியில்தான். 2013-இல் வந்த 3.8 பதிப்பு அந்த 386-ஐயே கைவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் 32 பிட் இன்டெல் கணினிகளுக்கு நிறுவியே கிடையாது. பள்ளிகளில் மூலையில் இருக்கும் பழைய பெட்டிகளை 'இணங்கும்' என்று மொட்டையாகப் போட்டால் அடுத்த வருடமே பொய்யாகிவிடும்.

தருமபுரியிலிருந்து,
கடைக்காரன்

* * *

அன்புள்ள தம்பிக்கு,

பொருத்தத்தை விட்டுக்கொடுத்தேன். ராம் உதாரணத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் இணக்கத்தில் ஓர் ஐயம். சம்மதம் என்ற சாயல் பிடிக்கும் என்கிறீர்கள். பழைய வழக்கில் இணங்கார் என்றால் பகைவர். சில்லு செய்கிறவரையெல்லாம் பகைவர் ஆக்கிவிடப் போகிறீர்கள். அதைவிட முக்கியம், இந்த வினைக்கு எழுவாய் யார்? 'டாங்கிள் டெபியனுக்கு இணங்கும்' என்றால் டாங்கிள் பணிந்துபோவதாகப் பொருள். நீங்களே ஒருமுறை சொல்லியிருக்கிறீர்கள், ஆவணம் தராதபோதும் சிலர் சில்லைத் தட்டித் தட்டிப் பார்த்து இயக்கி எழுதிவிடுவார்கள் என்று. அப்போது இணங்கியது யார்?

இரவல் இணக்கம் நன்று. என் மனைவி சிரித்தார்.

பாலக்கோட்டிலிருந்து

* * *

ஐயா,

சரியான இடத்தில் பிடித்தீர்கள். திரையில் படம் காட்டும் என்விடியா அட்டைகளுக்கான நூவோ இயக்கி அப்படி வந்ததுதான். ஆவணம் இல்லாமல், அட்டை என்ன செய்கிறது என்று வெளியிலிருந்து கவனித்தே எழுதி, 2010-இல் லினக்ஸ் 2.6.33-இல் சேர்த்தார்கள். முதுகு வளைந்தது எழுதினவர்கள்தான், அட்டை நிமிர்ந்தபடியே இருந்தது. 'அட்டை லினக்சுக்கு இணங்கியது' என்றால் அவர்கள் உழைப்பு காணாமல் போய்விடுகிறது. 'லினக்ஸ் அட்டைக்கு இணங்கியது' என்றால் வாங்கப் போகிறவருக்குக் குழப்பம். நான் முட்டிக்கொண்டு நிற்கிறேன். வழி சொல்லுங்கள்.

* * *

தம்பி,

வழி எளிது. நான்காம் வேற்றுமையை விட்டுவிடுங்கள். மூன்றாம் வேற்றுமை உடனிகழ்ச்சிப் பொருளில் வரட்டும். 'டெபியனோடு இணங்கும்.' யார் வளைந்தார் என்று அதில் சொல்ல வேண்டியதில்லை, இருவரும் சேர்ந்து நடக்கிறார்கள் என்பது மட்டும் தெரியும். யாரால் முடிந்தது என்பதை விளக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

* * *

ஐயா, மிக்க நன்றி. 'கு' வந்த இடங்களில் எல்லாம் 'ஓடு' போட்டாயிற்று. முதல் அத்தியாயத் தலைப்பு: இணக்கம் பார்த்தல். அந்த டாங்கிளுக்கான பட்டியல் வரி இப்படி வந்திருக்கிறது, பிழை இருந்தால் எல்லோரும் சொல்லுங்கள்:

யுஎஸ்பி வைஃபை டாங்கிள், லேபிளில் வி1, எண்ணின் பின்பாதி 9271: டெபியன் 12-ஓடு இணங்கும். லேபிளில் வி2: எல்லாக் கணினியிலும் பொருந்தும், ஆனால் இணங்கவில்லை. பெட்டியைப் பார்த்து வாங்காதீர்கள், பிரித்து லேபிளைக் காட்டச் சொல்லுங்கள்.

அக்கா, மாங்கன்றுப் பத்திக்கு உங்கள் சம்மதம் இன்னும் வரவில்லை. ஓசூர் தம்பி, அந்த நான்கு டாங்கிளும் என் மேசையிலேயே இருக்கிறது. சனிக்கிழமை இந்தப் பக்கம் வந்தால் எடுத்துக்கொண்டு போ, அதற்கு இயக்கி கிடைக்கிறதா என்று நீயும் ஒரு கை பார்.