‘மூன்றாவது தண்டவாளம்’ வேண்டாமே: மஞ்சள் ரயிலுக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

பிரான்சின் தென்கோடியில், பைரனீஸ் மலையில் ஓடும் ‘மஞ்சள் ரயில்’ பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். வில்ஃபிரான்ஷிலிருந்து லத்தூர் த காரோல் வரை 63 கிலோமீட்டர், மீட்டர்கேஜ் (இரு தண்டவாளங்களுக்கும் இடையே ஒரு மீட்டர் அகலம்). 427 மீட்டர் உயரத்தில் கிளம்பி, பொல்கேர் நிலையத்தில் 1,592 மீட்டரைத் தொடுகிறது. முதல் பகுதி 1910இல் திறக்கப்பட்டது. லத்தூருக்கு 1927இல்தான் போய்ச் சேர்ந்தது. மின்சாரத்துக்காகவே மலைமேல் பூயூஸ் அணையைக் கட்டினார்கள்.

பாலங்களுக்குத் தமிழ்ச்சொல் தேடுவதில் சிக்கல் இல்லை. ஜிஸ்க்லார் பாலத்துக்குத் ‘தொங்குபாலம்’ அப்படியே பொருந்துகிறது. (அதை வடிவமைத்த ஜிஸ்க்லார், 1909 அக்டோபர் 31 அன்று நடந்த சோதனை ஓட்ட விபத்தில் இறந்துபோனார். பாலத்தில் இன்றும் ரயில் ஓடுகிறது.)

மின்சாரம் வரும் வழியில்தான் சொல் முட்டுகிறது. மேலே கம்பி இல்லை. பாதையின் ஓரமாக இன்னொரு தண்டவாளம், அதில் 850 வோல்ட். வண்டியிலிருந்து நீளும் ஓர் இரும்புத் துண்டு அதன்மேல் உரசியபடியே போகிறது. ‘மூன்றாவது தண்டவாளம்’ என்று எழுதலாம்தான். ஆனால் அது எண்ணிக்கை மட்டுமே சொல்கிறது, வேலையைச் சொல்லவில்லை. இரண்டு கேஜ் வண்டிகள் ஒரே பாதையில் ஓடும் இடங்களிலும் மூன்றாவது தண்டவாளம் உண்டு. அதில் மின்சாரம் வராது. லத்தூரிலோ 1,000, 1,435, 1,668 மில்லிமீட்டர் என மூன்று கேஜ்கள் சந்திக்கின்றன. அந்த நிலையத்தைப் பற்றி எழுதும்போது வாசகர் கட்டாயம் குழம்புவார்.

‘மின்னூட்டத் தண்டவாளம்’ என்று முதலில் எழுதி அடித்துவிட்டேன். பள்ளி இயற்பியலில் மின்னூட்டம் வேறு பொருள். என் பரிந்துரை: ஊட்டுதண்டவாளம். உரசும் துண்டுக்கு ஆங்கில ‘ஷூ’ வழியில் ‘காலணி’ வேண்டாம். பிரெஞ்சுக்காரர்களே ‘உரசுவது’ என்ற பொருளில்தான் அழைக்கிறார்கள். நாமும் ‘உரசி’ என்போம்.

---

ஐயா, வணக்கம். உரசி அருமை. மற்றதில் இரண்டு ஐயம். ‘ஊட்டுத்தண்டவாளம்’ என்று வல்லினம் மிக வேண்டாமா? அப்புறம், நடைமேடை எச்சரிக்கைப் பலகையில் ‘ஊட்டுதண்டவாளம்’ என்று மட்டும் இருந்தால் ஆபத்து தெரியுமா?

---

வணக்கம் அம்மா. வினைத்தொகை என்பதால் மிகாது. சுடுகாடு, ஊறுகாய் போல. பலகை பற்றி நீங்கள் சொல்வது சரி, நான் யோசிக்கவில்லை. உயிர் போகும் இடத்தில் ‘மின்’ கண்ணில் பட்டே ஆக வேண்டும். கட்டுரையில் முதல் இடத்தில் ‘மின் ஊட்டுதண்டவாளம்’ என்று எழுதி, பிறகு ‘ஊட்டுதண்டவாளம்’ என்று சுருக்கிக்கொள்கிறேன். பலகையை இப்படி எழுதினால்?

“மின் ஊட்டுதண்டவாளம். பாதையில் இறங்காதீர்கள்.”