பிரசியோடைமியம் சேர்மத்தின் தன்வெப்ப மேடு: காந்த ஒழுங்கா, படிகப்புல விளைவா?

கேள்வி:
வணக்கம். அறுகோண அமைப்புடைய ஒரு பிரசியோடைமியம் உலோகவிடைச் சேர்மத்தின் பல்படிக மாதிரியை அளந்து வருகிறேன். உயர் வெப்பநிலையில் 3+ அயனிக்குரிய 3.58 போர் மேக்னட்டான் காந்தத் திருப்புத்திறன் சரியாகவே கிடைக்கிறது. ஆனால், குளிர்விக்கும்போது காந்த ஏற்புத்திறன் ஓரளவுக்குமேல் உயராமல் சமதளமாகிவிடுகிறது; தன்வெப்பத்திலோ கூரிய முகடு ஏதுமின்றி 15 கெல்வினை ஒட்டி அகன்ற மேடு மட்டும் தெரிகிறது. ஏற்புத்திறன் வளைவைப் பொருத்தி எடுத்த வைஸ் வெப்பநிலை எதிர்க்குறியில் வருவதால், இதை எதிர்ஃபெரோகாந்த ஒழுங்கு (அண்டை அயனிகளின் திருப்புத்திறன்கள் எதிரெதிராக அடுங்குவது) என்று கொள்ளலாமா?

மறுமொழி:
அவசரப்பட்டு அப்படி முடிவு செய்ய வேண்டாம். காந்த ஒழுங்கு தொடங்கும்போது தோன்றும் கூரிய லேம்டா வடிவ முகடு இல்லாதபோது முதலில் ஐயுற வேண்டியது படிகப்புலத்தையே, அதாவது சுற்றியுள்ள அணுக்கள் அயனியின் மீது செலுத்தும் மின்புலத்தையே. இந்த அயனியின் மொத்தக் கோண உந்தக் குவாண்டம் எண் 4; அதன் ஒன்பது நிலைகளும் அறுகோணப் படிகப்புலத்தில் மூன்று ஒற்றை மட்டங்களாகவும் மூன்று இரட்டை மட்டங்களாகவும் பிரிகின்றன. எலக்ட்ரான்கள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருந்தால் மட்டங்கள் குறைந்தது இரட்டையாகவே இருக்கும் என்பது கிராமர்ஸ் தேற்றம்; 4எஃப் எலக்ட்ரான்கள் இரண்டே என்பதால், அது இங்கே குறுக்கிடாது. காந்தத் திருப்புத்திறனே இல்லாத ஒற்றை மட்டம் அடியில் அமைய முடியும். அப்போது காந்தப்புலம் மேல்மட்டங்களை அடிமட்டத்தோடு கலந்துதான் திருப்புத்திறனைத் தூண்ட வேண்டும்; நீங்கள் காணும் சமதளம் அந்த வான் விலெக் காந்தத்தன்மையாக இருக்கலாம். ஐந்து நிக்கல் அணுக்கள் கொண்ட பிரசியோடைமியம் சேர்மம் இதற்கு நன்கறிந்த சான்று. எலக்ட்ரான் காந்த ஒழுங்கு இல்லாததால்தான் அது அணுக்கருக் குளிர்விப்புக்கு இவ்வளவு பயன்பட்டது.

வைஸ் வெப்பநிலையின் குறியை மட்டும் நம்ப வேண்டாம். பொருத்தும் நெடுக்கத்தில் தாழ்வெப்பப் பகுதி சேர்ந்தால் படிகப்புல வளைவும் அந்த எண்ணுக்குள் புகுந்துவிடும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. 4எஃப் எலக்ட்ரான் இல்லாத லந்தனம் சேர்மத்தின் தன்வெப்பத்தை, படிக அதிர்வுகளின் பங்காகக் கொண்டு கழித்த பிறகு, மேட்டின் உயரம் மோலுக்கு ஏறத்தாழ 6 ஜூல்/கெல்வின் வருகிறது. இதிலிருந்து ஏதேனும் சொல்ல முடியுமா?

மறுமொழி:
நிறையவே சொல்லலாம். இரண்டு ஒற்றை மட்டங்கள் மட்டுமே எனில் ஷாட்கி மேடு (அயனிகள் வெப்பத்தால் மேல்மட்டங்களுக்கு ஏறுவதால் தன்வெப்பத்தில் எழும் மேடு) 3.65 ஜூலைத் தாண்டாது. அடியில் ஒற்றை மட்டமும் மேலே இரட்டை மட்டமும் இருந்தால் 6.3 வரை எழும். உச்சம், கெல்வினில் சொன்ன மட்ட இடைவெளியின் 0.38 மடங்கில் விழும். எனவே உங்கள் இடைவெளி 40 கெல்வின் அளவில் இருக்கக்கூடும். என்ட்ரோபி, இந்த மூன்று நிலைகளுக்குரிய 9.13 ஜூலை நெருங்குகிறதா என்றும் பாருங்கள். அடுத்த மட்டம் அருகிலிருந்தால் அது நிற்காமல் மேலே போகும்.

பிறகு காந்தப்புலத்தில் அளவிடுங்கள். எதிர்ஃபெரோகாந்த முகடு பொதுவாகத் தாழ்வெப்பநிலைக்கு நகரும். ஷாட்கி மேடோ இரட்டை மட்டம் பிளவுபடுவதால் அகலும். பல்படிகத்தில் ஒவ்வொரு துகளின் அச்சும் வேறு திசையில் இருப்பதால் இவை கலங்கித் தெரியும். ஒற்றைப் படிகம் கிடைத்தால் அதையே அளப்பது மேல். குறிப்பிட்ட அச்சில் காந்தமாக்கம் திடீரென எழுந்தால், புலத்தால் கீழிறங்கிய மட்டமொன்று அடிமட்டத்தைக் கடந்திருக்கலாம். படிகப்புல அளபுருக்களை ஏற்புத்திறனிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். பல தொகுதிகள் ஒரே வளைவுக்குப் பொருந்திவிடும். மீட்சியற்ற நியூட்ரான் சிதறல் மட்டங்களின் இடைவெளியை நேரடியாகவே காட்டும்.