சாசேஜ் கிரேவி: சட்டியில் இறங்கிய கொழுப்பை வடிக்கலாமா?

நாக்ஸ்வில்வாசி:
சாசேஜ் கிரேவிக்கு, அதாவது மசாலா சேர்த்து அரைத்த இறைச்சியான சாசேஜை வறுத்து மைதாவும் பாலும் சேர்த்துச் செய்யும் கெட்டிக் குழம்புக்கு, நேற்று சரிவிகிதம் அவர்கள் எழுதிய செய்முறையைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. வறுத்த சாசேஜைத் தாளில் பரப்பிக் கொழுப்பை முழுவதும் வடித்துவிட்டு, வேறொரு பாத்திரத்தில் வெண்ணெயை உருக்கி மைதாவை வறுத்துப் பால் ஊற்ற வேண்டுமாம். அதுவே "முறையான தென்மாநிலக் கிரேவி" என்றும் எழுதியிருக்கிறார். அமெரிக்கத் தென்மாநிலமான டென்னசியின் கிழக்கில் பதினேழு ஆண்டுகளாகக் காலை உணவுக்கு இதைச் செய்துவருகிறேன். கொழுப்பை வடித்த ஒரு வீட்டையும் இங்கே கண்டதில்லை. சாசேஜில் கலந்திருக்கும் சேஜ் என்ற நறுமண இலையும் மிளகும் தம் மணத்தை அந்தக் கொழுப்பில்தான் இறக்கி வைத்திருக்கின்றன. அதைத் தாளுக்குக் கொடுத்துவிட்டால் சட்டியில் எஞ்சுவது சக்கைதான்.

சரிவிகிதம்:
ஐயா, நான் காரணமின்றி எழுதவில்லை. கடைச் சாசேஜில் கொழுப்பின் அளவு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுகிறது. ஒரு பொட்டலத்தில் இரண்டு தேக்கரண்டி இறங்கும். இன்னொன்றில் சட்டியே நீந்தும். மைதாவும் கொழுப்பும் ஏறத்தாழச் சம எடையில் இருந்தால்தான் கிரேவி கட்டியில்லாமல் வரும், மேலே எண்ணெயும் பிரியாது. வெண்ணெயை அளந்து போடுகிறவளுக்கு ஒவ்வொரு ஞாயிறும் ஒரே பதம் கிடைக்கிறது. பதினேழு ஆண்டு அனுபவம் அளவுக்கரண்டியின் வேலையைச் செய்துவிடாது.

நாக்ஸ்வில்வாசி:
அளவைப் பற்றிப் பேசுவதானால் முழுமையாகப் பேசுவோம். அமெரிக்க வெண்ணெயில் கொழுப்பு சுமார் 80 விழுக்காடுதான்; மீதியில் பெரும்பகுதி தண்ணீர். ஆகவே நீங்கள் அளந்து போடும் வெண்ணெயும் முழுக் கொழுப்பு அன்று. சட்டியில் கொழுப்பு மிகுந்தால் மூன்று மேசைக்கரண்டியை விட்டுவிட்டு மிச்சத்தை வழித்தெடுங்கள், யாரும் தடுக்கவில்லை. முழுவதும் வடிப்பதைத்தான் நான் குற்றம் என்கிறேன். அப்படி வடித்ததை என்ன செய்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

துல்சா அடுப்பு:
நானும் வடிப்பதில்லை, ஆயினும் நாக்ஸ்வில்வாசி இந்த உணவை டென்னசியின் குடும்பச் சொத்தைப் போலப் பேசுவதை ஏற்க முடியாது. 1988-இல் ஓக்லஹோமா தன் அதிகாரபூர்வ மாநில உணவை அறிவித்தபோது, பிஸ்கட் (இனிப்புப் பிஸ்கட் அன்று, கிரேவி ஊற்றி உண்ணும் மென்மையான சிறு ரொட்டி), சாசேஜ், கிரேவி மூன்றும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றன. உங்கள் மாநிலம் அப்படி ஏதேனும் சட்டமியற்றியிருந்தால் காட்டுங்கள்.

நாக்ஸ்வில்வாசி:
சட்டமன்றம் அறிவித்தால் சுவை வந்துவிடுமா? மென்மையான குளிர்காலக் கோதுமையை அரைத்துப் பிஸ்கட்டுக்கென்றே பெயர்பெற்ற ஒயிட் லில்லி மாவு 1883-இல் எங்கள் நாக்ஸ்வில்லில்தான் தொடங்கியது. 2008-இல் அந்த ஆலையை மூடியபோது இந்த ஊர்க்காரர்கள் எவ்வளவு வருந்தினார்கள் என்பது எனக்குத் தெரியும். கிரேவியை வாங்கிக்கொள்ளும் பிஸ்கட்டின் மாவே எங்களூரில் பிறந்தது என்பதை துல்சா நண்பர் மறந்துவிட்டார். எது எப்படியாயினும், அவரும் கொழுப்பை வடிப்பதில்லை என்று ஒப்புக்கொண்டிருப்பதைச் சரிவிகிதம் அவர்கள் கவனிக்க வேண்டும்.

சொல்லாய்வன்:
மரம் அறுக்கும் முகாம்களில் உழைத்தவர்களின் உணவு என்பதால் இதற்கு 'சாமில் கிரேவி' (சாமில் என்றால் மர அறுவை ஆலை) என்றும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரில் சோளமாவு சேர்த்துச் செய்யும் வழக்கமும் இருக்கிறது. அதன் நறநறப்பு மரத்தூளை நினைவூட்டும். அப்படியிருக்க, மைதா போடுகிற நீங்கள் இருவரும் 'முறையானது' என்ற சொல்லுக்காகச் சண்டையிடுவது பொருந்தவில்லை.

நாக்ஸ்வில்வாசி:
சோளமாவானாலும் அது வறுபடுவது சாசேஜ் கொழுப்பில்தான், வெண்ணெயில் அன்று. நீங்கள் என் கட்சிக்கே சான்று சொல்லியிருக்கிறீர்கள்.

சரிவிகிதம்:
எதைச் சொன்னாலும் தம் கட்சிக்கே சான்று என்பவரிடம் எப்படி வாதாடுவது? கிரிட்ஸ் என்ற சோளக் கஞ்சியில் சர்க்கரை போட்டதாக நான் எழுதியபோதும் இவர் மூன்று நாள் என்னை விடவில்லை. அதை நான் மறக்கவில்லை. என் கணவருக்கு இதயச் சிகிச்சை நடந்த பிறகு எங்கள் வீட்டில் வான்கோழிச் சாசேஜ்தான். அதில் கொழுப்பே அரிது. வெண்ணெய் இல்லாமல் மைதாவை எதில் வறுப்பது?

நாக்ஸ்வில்வாசி:
உங்கள் கணவர் நலமாக இருக்க வேண்டுமென்று மனமார விரும்புகிறேன். ஆனால் வான்கோழிச் சாசேஜில் வடிப்பதற்கே ஒன்றும் இல்லை என்று இன்று சொல்கிற நீங்கள், நேற்று ஏன் தாளில் பரப்பி வடிக்கச் சொன்னீர்கள்? கொழுப்பு இல்லாத இடத்தில் வெண்ணெய் சேர்ப்பது வேறு. இருக்கிற கொழுப்பைக் கொட்டிவிட்டு வெண்ணெய் வாங்குவது வேறு.

புதிதாகச் செய்பவர்கள் குழம்பிவிடக் கூடாது என்பதற்காக என் முறையைச் சொல்கிறேன். வார்ப்பிரும்புச் சட்டியில் 450 கிராம் சாசேஜை உதிர்த்து, சிவப்பு மறைந்து ஓரங்கள் பழுப்பேறும் வரை வறுக்க வேண்டும். இறைச்சியை வெளியே எடுக்காமல் அதன்மேலேயே கால் கோப்பை மைதாவைத் தூவி, ஒவ்வொரு துணுக்கிலும் பூசியதுபோல் ஒட்டும்படி கிளறி, பச்சை மாவு வாடை போக இரண்டு நிமிடம் வறுக்க வேண்டும். பிறகு கொழுப்பு நீக்காத பாலை இரண்டரைக் கோப்பை அளவுக்குச் சிறிது சிறிதாக ஊற்றி, சட்டியின் அடியில் ஒட்டிய பழுப்பையெல்லாம் மரக்கரண்டியால் சுரண்டிக் கலக்க வேண்டும். மாவுப்பொருள் பாலைக் குடித்து வீங்குவதற்குக் கொதிநிலையை நெருங்கும் சூடு வேண்டும். ஆகவே குமிழி வரும் முன் நீர்த்திருக்கிறது என்று இன்னும் மாவைக் கொட்டாதீர்கள். ஆறினால் மேலும் இறுகும் என்பதால் கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். உப்பைக் கடைசியில் சுவைத்துப் பார்த்தும், மிளகைத் தாராளமாகவும் சேர்க்கலாம். இதில் எந்த இடத்திலும் வடிதாள் வரவில்லை.

துல்சா அடுப்பு:
பால் மூன்று கோப்பை வேண்டும். இரண்டரையில் பசையாகிவிடும்.

நாக்ஸ்வில்வாசி:
ஓக்லஹோமாவில் அப்படி ஆகலாம்.

சரிவிகிதம்:
வேறு பாத்திரத்தில் வெண்ணெயில் செய்த என் கிரேவியை அடுத்த ஞாயிறு படமெடுத்துப் போடுகிறேன். அதில் எண்ணெய் பிரியாமல் இருப்பதை எல்லோரும் பார்க்கட்டும். நான் வடிப்பேன், தொடர்ந்து வடிப்பேன்.

நாக்ஸ்வில்வாசி:
படத்தில் மணம் வராது அம்மா. வடித்த கொழுப்பை என்ன செய்கிறீர்கள் என்ற கேள்விக்கும் இன்னும் பதில் வரவில்லை.